4கே 10-பிட் மல்டிகேம் திக்குகிறது: கார்டை மாத்தணுமா, சிஸ்டத்தையே மாத்தணுமா? (கீழக்கரை, கடலில் இருந்து 300 மீட்டர்)

கீழக்கரைக் கேமரா கேட்டது:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். சிஸ்டம்: ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி ராம் (ஒரே குச்சி), ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி என்விஎம்இ, வெளியே 4 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க். சாஃப்ட்வேர் பிரீமியர் ப்ரோ. கேமரா ரெண்டுமே சோனி ஏ7 ஃபோர். எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 25பி (செகண்டுக்கு 25 ஃபிரேம்), 140எம் (செகண்டுக்கு 140 மெகாபிட்), 4:2:2 10-பிட் (கலர் விவரம் கூடுதலா பதியுற முறை), எஸ்-லாக்3 (பின்னால கலர் திருத்த வசதியா வெளிறலா எடுக்கிற முறை). இது போக ட்ரோன் கிளிப்பும், வீட்டு ஆளுங்க போன்ல எடுத்ததும் வரும்.

ரெண்டு கேமராவையும் மல்டிகேம்ல (சேர்த்து ஓட விட்டு மாத்தி மாத்தி வெட்டுற முறை) போட்டு பிளே கொடுத்தா அஞ்சாறு செகண்ட்ல படம் நின்னுடுது, சத்தம் மட்டும் ஓடுது. பின்னால இழுத்துப் பார்த்தா இன்னும் மோசம். ‘4070 கார்டு போடுங்க, சரியாயிரும்’னு கடையில சொல்றாங்க. கையில ஒன்றரை லட்சம் இருக்கு.

1. கார்டு மட்டும் போதுமா, புது சிஸ்டமா?
2. டாவின்சி ரிசால்வ் இலவசம்னு சொல்றாங்களே, மாறலாமா?
3. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிஸ்டம் ஆன் ஆகாம பீப் அடிக்குது. கழட்டிப் பார்த்தா ராம் ஸ்லாட் பக்கம் களிம்பு. கடல் பக்கத்துல இருக்கிறவங்க என்ன செய்றீங்க?

---

பாம்பன் டைம்லைன்:

தம்பி, 4070 வாங்காதீங்க. 4060-லயும் 4070-லயும் வீடியோவைப் பிரிக்கிற டிகோடர் ஒரே தலைமுறை. அது 4:2:2-வைத் தொடவே தொடாது. கார்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் இந்த கிளிப்புக்கு அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். வேலை முழுக்க பிராசஸர் தலையில விழும்.

நம்பிக்கை இல்லேன்னா இப்பவே பாருங்க. டாஸ்க் மேனேஜர் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ல ஜிபியூவை அழுத்துங்க. அங்க ‘வீடியோ டிகோட்’னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு பிரீமியர்ல ஏ7 கிளிப் ஒண்ணை ஓட விடுங்க. அந்தக் கட்டத்துல கோடு தரையோட படுத்திருக்கும், சிபியூ 90-100 சதவீதத்துல நிக்கும். அடுத்து ட்ரோன் கிளிப்பை ஓட விடுங்க. அது கலர் விவரம் குறைஞ்ச 4:2:0, அதனால டிகோட் கோடு எழும்பும், சிபியூ இறங்கும். எந்த கிளிப் யாரு தலையில ஏறுதுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

உங்க பிராசஸர் பேருல கடைசியில இருக்கிற ‘எஃப்’தான் கோளாறு. எஃப்னா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல்ல 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புல இருந்து வர்ற உள் கிராபிக்ஸ் 10-பிட் 4:2:2-வை ஹார்டுவேர்லயே பிரிக்கும். அதே போர்டுல பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணிட்டு ஐ5-14500 போட்டுப் பாருங்க. அதுல யுஎச்டி 770 இருக்கு. பயாஸ்ல உள் கிராபிக்ஸை ‘எனேபிள்’ பண்ணணும். கார்டு செருகியிருந்தா சில போர்டு அதைத் தானா அணைச்சிரும். ஐ7-க்குப் போகாதீங்க, எச்610 போர்டோட மின்சுற்று அதைத் தாங்கி ரொம்ப நேரம் ஓடாது.

---

தொண்டி கலர்:

பாம்பன் அண்ணே சொன்ன சோதனை சரி, 4070 வேண்டாம் என்பதும் சரி. ஆனா பிராசஸர் மாத்துறது இந்தத் தம்பிக்கு உதவாது. அந்தத் தலைமுறை இன்டெல் உள் கிராபிக்ஸ் 4:2:2-வைப் பிரிக்கிறது எச்.265 என்கிற சுருக்க முறையில் மட்டும்தான். தம்பி எடுக்கிற எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. 14500-க்கும் 10-பிட் 4:2:2 எச்.264 வெறும் சாஃப்ட்வேர் வேலைதான்.

‘அப்ப கேமராவில எச்.265-க்கு மாத்திடலாமே’ என்று தோணும். அங்கதான் சிக்கல். ஏ7 ஃபோரை பால் (பிஏஎல், அதாவது 25/50 ஃபிரேம்) முறையில வச்சா, எச்.265-இல் பதிகிற எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே-யில் 50பி-யில மட்டும்தான் வரும், 25பி கிடையாது. 4கே 50பி போட்டா சென்சார் 1.5 மடங்கு கிராப் ஆகும். 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் மாதிரி ஆயிரும். சின்ன நிக்காஹ் ஹாலில் பின்னால நகர சுவர்தான் இருக்கும்.

கேமரா செட்டிங் ஒவ்வொண்ணும் எடிட்டிங் மேசையில எப்படி நடந்துக்கும் என்று சொல்றேன்:

எக்ஸ்ஏவிசி எஸ் 25பி, 140எம், 4:2:2 10-பிட்: படம் நல்லா இருக்கும், ஓடுறது கஷ்டம். ஒரு மணி நேரம் 63 ஜிபி.

எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ 25பி, 250எம்: இதுவும் 4:2:2 10-பிட் எச்.264 தான், ஆனா ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியா முழுசா பதிவாகும். முன்னால பின்னால இருக்கிற ஃபிரேமைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதனால பழைய பிராசஸரிலும் இழுத்துப் பார்க்கச் சுகமா இருக்கும். விலை என்ன என்றால் இடம்: மணிக்கு 112 ஜிபி. மெமரி கார்டும் வி60 வேகத்துக்குக் குறையக் கூடாது.

எக்ஸ்ஏவிசி எஸ் 25பி, 100எம், 4:2:0 8-பிட்: உங்க 4060 இதை அப்படியே பிரிச்சுரும், ஒரு பைசா செலவில்லை. ஆனா எஸ்-லாக்3-ஐ 8-பிட்டில் எடுக்கவே கூடாது. அரிச்சல்முனை மாதிரி இடத்தில் கடலுக்கு மேல வானம் வெளிறி நீலமாகிற அந்தச் சரிவு, கிரேடிங் (கலர் திருத்தம்) பண்ணினதும் படிக்கட்டு படிக்கட்டா உடையும். 8-பிட் என்றால் எஸ்-சினிடோன், அதாவது பிபி11, வச்சு எக்ஸ்போஷரை ஸ்பாட்டிலேயே சரியா முடிக்கணும்.

எக்ஸ்ஏவிசி எச்எஸ் 50பி, 150எம், 4:2:0 10-பிட்: 4060 பிரிக்கும், எஸ்-லாக்3-உம் தாங்கும். கிராப் பரவாயில்லை என்கிற இடத்துக்கு, ஸ்லோமோஷனுக்கு இது.

கையில காசு இருக்கிறதால சுத்தமான வழி ஆர்டிஎக்ஸ் 50 வரிசை. என்விடியாவில் 4:2:2-வை எச்.264, எச்.265 ரெண்டிலும் பிரிக்க ஆரம்பிச்சது அதில்தான். 5060 டிஐ, 16 ஜிபி மாடல் வாங்குங்க. 8 ஜிபி மாடலும் அதே பேரில் வருது, பெட்டியைப் பார்த்து வாங்கணும். 4கே-யில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா 8 ஜிபி நிரம்பிடும். கார்டு 180 வாட், நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும். பிரீமியர் 25.2-க்குக் கீழே இருந்தா அப்டேட் பண்ணுங்க, அதில்தான் இந்த 4:2:2 ஆதரவு வந்தது. ப்ரிஃபரன்ஸ், மீடியா போய் ஹார்டுவேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கா பாருங்க. டிக் பண்ணினா பிரீமியரை மூடித் திறக்கணும்.

அதோட 16 ஜிபி ஒற்றைக் குச்சியை எடுத்துட்டு 2×16 போடுங்க. ஒரே குச்சி என்றால் மெமரி பாதி வேகத்தில்தான் போய் வரும். போர்டில் ரெண்டே ஸ்லாட் என்பதால் பின்னால 64 வேணும் என்றால் இப்பவே 2×32 வாங்குறது மிச்சம்.

---

பாம்பன் டைம்லைன்:

தங்கச்சி சொல்றது சரி. 25பி-ன்னு எழுதியிருந்ததைக் கவனிக்காம எச்.265-ன்னு நினைச்சுச் சொல்லிட்டேன். பிராசஸரை விடுங்க தம்பி, 5060 டிஐதான். அந்த 12400எஃப் இதுக்குப் போதும்.

ரெண்டாவது கேள்விக்குச் சுருக்கமா: விண்டோஸ்ல ரிசால்வ் இலவசப் பதிப்பு 10-பிட் 4:2:2 எச்.264, எச்.265 கிளிப்பை ஒழுங்கா எடுக்காது. ஸ்டுடியோ வேணும், ஒரு தடவை 295 டாலர், ரெண்டு மெஷின்ல போட்டுக்கலாம், மாசக் கட்டணம் இல்லை. கலர் வேலைக்கு ரிசால்வுக்கு ஈடு கிடையாது. ஆனா முகூர்த்த மாசத்துக்கு நடுவுல மாறாதீங்க. மாறும்போது ரெண்டு விஷயம் மனசுல இருக்கட்டும். முதல் கிளிப் உள்ளே போனதும் புராஜெக்டோட ஃபிரேம் ரேட் பூட்டிக்கும், அதனால திறந்ததுமே 25-ன்னு வைக்கணும். புராஜெக்ட் தனி ஃபைலா எந்த ஃபோல்டர்லயும் இருக்காது, சி டிரைவ்ல உள்ள டேட்டாபேஸ்ல இருக்கும். விண்டோஸ் ஃபார்மட் பண்ண வர்ற ஆளுக்கு அது தெரியாது. ஒவ்வொரு நாள் வேலை முடிஞ்சதும் டிஆர்பி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வேற டிஸ்க்ல போட்டு வைக்கணும்.

---

சர்வீஸ் பெஞ்ச், ராம்நாடு:

மூணாவது கேள்வி என் மேசைக்கு வர்றது. இதைச் சரி பண்ணாம புதுக் கார்டு வாங்கினா அந்தக் கார்டும் களிம்பு ஏறித்தான் என்கிட்ட வரும், அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

சுத்தமான சோத்து உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தண்ணி இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ராத்திரியில நம்ம கரையில அதைத் தாண்டுறது சாதாரணம். கடல் உப்பு அதைவிட மோசம். அதுல மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கு, அது 33 சதவீதத்துலயே ஈரமாயிரும். போர்டு மேல படிஞ்ச தூசி காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஈரமான உப்புதான். கரண்ட் ஓடுற ரெண்டு காலுக்கு நடுவுல அது உட்கார்ந்தா செம்பு அரிக்கும், பச்சை பூக்கும்.

அதனால முதல் வேலை காத்தைத் தடுக்கிறது. கீழக்கரைக்குக் கடல் தெற்கே. கச்சான் காலத்துல (தென்மேற்குக் காத்து வீசுற மாசங்கள்) தெற்கு ஜன்னலைத் திறந்து வச்சா உப்பு நேரா உள்ளே. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருக்கிறவங்களுக்கு வாடைக் காலம் அப்படி. எடிட்டிங் அறைக்கு கடல் பார்த்த ஜன்னல் இருந்தா ரப்பர் பட்டை ஒட்டி அடைச்சிருங்க. ஏசி 26-ல ஓடினா போதும், குளிருக்கு இல்லை, ஈரத்தை எடுக்கத்தான். ஈரப்பதம் அளக்கிற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி மேசையில வைங்க, 50-60 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஏசி வெளி யூனிட் செம்புக் காயில், மேலே பூச்சு உள்ளதா வாங்குங்க, அதையும் மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவி விடுங்க.

கேபினெட்டைத் தரையில வைக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் ஃபேன் கீழே இருந்து காத்து இழுக்கும், அதோட மணலும் வரும். முன்னால ரெண்டு மூணு ஃபேன் உள்ளே தள்ள, பின்னால ஒண்ணு வெளியே. உள்ளே அழுத்தம் கூட இருந்தா காத்து ஃபில்டர் வழியாத்தான் வரும், இண்டு இடுக்கு வழியா வராது. ஃபில்டரை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில அலசி, முழுசாக் காய்ஞ்ச பிறகு மாட்டுங்க.

பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல கேபினெட்டை ஊதுறது வேண்டவே வேண்டாம். அதோட டேங்க்ல தண்ணியும் ஆயிலும் இருக்கும். ஊதுற காத்துல அது தூவலாப் போய், உப்புத் தூசியைக் கரைச்சு ஸ்லாட்டுக்குள்ளயே அடைக்கும். கையில பிடிக்கிற எலெக்ட்ரிக் ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், சுத்த விடக் கூடாது.

ராமை அழிரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. காலுல இருக்கிற தங்கப் பூச்சு ரொம்ப மெலிசு. நாலு தடவை ரப்பர் தேய்ச்சா அது போயிரும், அதுக்கப்புறம் களிம்பு முன்னைவிடச் சீக்கிரம் வரும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில நனைச்சு, ஒரே திசையில துடைங்க. ஸ்லாட்டுக்குள்ள மெல்லிய பிரஷ்ல அதையே விட்டு, கால் மணி நேரம் காய விடுங்க. மெடிக்கல்ல விக்கிற சானிடைசர்ல தண்ணி கலந்திருக்கு, அது ஆகாது.

இன்னொண்ணு: ஓடுற மெஷின்ல உப்பு அவ்வளவு வேலை செய்யாது. போர்டு சூடா இருக்கும், அதைச் சுத்தின காத்துல ஈரப்பதம் குறையும். மூணு வாரம் அணைச்சுப் போட்ட மெஷின்தான் பீப் அடிக்கும். சீசன் இல்லாத மாசத்துலயும் தினம் ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க. அடைச்சுட்டு வெளியூர் போனா, கேபினெட்டைப் பிளாஸ்டிக் பையில போட்டு அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோட வாயைக் கட்டிருங்க. நீல ஜெல் ரோஸ் ஆயிட்டா 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் சூடாக்கினா மறுபடி நீலமாகும்.

அடுத்து கரண்ட். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுல வச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. நம்ம கடல் மணல்ல ஜிஐ பைப் எர்த் சில வருஷத்துல அரிச்சுத் தின்னுரும்; செம்புப் பூச்சு ராடு போடுங்க. சுத்தமா 0 காட்டினா சந்தோஷப்படாம, சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் யாராவது சேர்த்து முறுக்கி வச்சிருக்காங்களான்னு எலெக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. நியூட்ரல் அறுந்தா கேபினெட் தகரத்துலயே கரண்ட் நிக்கும்.

யுபிஎஸ் 1000 விஏ, 600 வாட், ப்யூர் சைன் வேவ். வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டாம். இப்ப வர்ற ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் அதுல உறுமும், சில சமயம் மாறுற நொடியிலயே அணைஞ்சிரும். உங்க சிஸ்டம் எக்ஸ்போர்ட்டுல 300 வாட் பக்கம் இழுக்கும், பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும். சேவ் பண்ணி அணைக்கத்தான் அது. மானிட்டரையும் வெளி டிஸ்க்கையும் அதே யுபிஎஸ்ல போடுங்க. அந்த 4 டிபி டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்ல இருந்தா, எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ஃபோல்டரே காணாமப் போகலாம். உள்ளதை வேற இடத்துக்கு எடுத்துட்டு என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணுங்க.

---

கீழக்கரைக் கேமரா:

அக்கா, காக்கா, எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். டாஸ்க் மேனேஜர்ல பார்த்தேன், டிகோட் கோடு அசையவே இல்லை. 5060 டிஐ 16 ஜிபி, 2×16 ராம், யுபிஎஸ்னு முடிவு பண்ணிட்டேன். கார்டு வர்ற வரைக்கும் இந்த வாரக் கல்யாணத்தை எப்படி முடிக்கிறது? ரெண்டு கேமரா, மொத்தம் 12 மணி நேர ஃபுட்டேஜ். ஒரு கேமரா கிளிப் இன்னொண்ணை அழிச்சிருச்சோன்னும் பயமா இருக்கு, ரெண்டுலயும் சி0001-னு பேரு வருது. போன் கிளிப்ல போகப் போக உதடும் சத்தமும் பிரியுது.

---

மண்டபம் 25எஃப்பிஎஸ்:

பேரு குழப்பத்துல இருந்து வர்றேன் தம்பி, அதுதான் ஆபத்து. ரெண்டு கார்டையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டாதீங்க. தேதி, கேமரா, கார்டு எண்ணுன்னு ஃபோல்டர்: ‘0614_ஏ_கார்டு1’, ‘0614_பி_கார்டு1’. உள்ளே கிளிப்பை மட்டும் பொறுக்காம, கார்டுல உள்ள ‘பிரைவேட்’ ஃபோல்டரை அப்படியே முழுசா எடுங்க. டெராகாப்பிங்கிற காப்பி சாஃப்ட்வேர்ல ‘வெரிஃபை’ போட்டு, ரெண்டு தனித்தனி டிஸ்க்குக்கு. ரெண்டும் பச்சை ஆன பிறகுதான் கார்டை ஃபார்மட் பண்ணணும், அதையும் கேமராவுலதான். அடுத்த கல்யாணத்துக்கு முன்னால கேமரா மெனுவுல ஃபைல் செட்டிங்ஸ் போய், பேருக்கு முன்னால ஏ, பி-ன்னு சேர்த்து விடுங்க. அதோட இந்தக் குழப்பம் தீரும்.

12 மணி நேரம் 140எம்-ல 756 ஜிபி. கார்டு வர்ற வரைக்கும் ப்ராக்ஸி வச்சு வெட்டுங்க, அதாவது எடிட்டுக்கு மட்டும் ஓட விடுற இலகுவான நகல்; அதை 1920×1080 புரோரெஸ் ப்ராக்ஸியில போட்டா மணிக்கு 17 ஜிபி, மொத்தம் 204. ஆக ஒரு கல்யாணத்துக்கு கிட்டத்தட்ட 1 டிபி, இதுல ரெண்டாவது காப்பி சேர்த்தி இல்லை. ப்ராக்ஸியையும் மீடியா கேஷையும் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி அதுல போடுங்க. எச்610-ல பெரும்பாலும் எம்.2 (என்விஎம்இ செருகுற இடம்) ஒண்ணுதான் இருக்கும், சாட்டா வேகமே இதுக்குத் தாராளம். ரெண்டாவது காப்பிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரான்னு (எழுதுற தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகை) கேட்டு வாங்குங்க. எஸ்எம்ஆர் டிஸ்க் முதல் கொஞ்ச நேரம் வேகமா எழுதும், பிறகு தவழும்.

பிரீமியர்ல கிளிப் எல்லாத்தையும் தேர்ந்து, வலது கிளிக், ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ். ராத்திரி ஓட விட்டுத் தூங்குங்க. ப்ராக்ஸியில லட் (கலரை மாத்துற ரெடிமேட் ஃபைல்) எதையும் சேர்த்துப் பதிச்சு வைக்காதீங்க. டைம்லைன்ல கலர் போட்டிருந்தா அது மேலயே ரெண்டாவது தடவை ஏறும். அசல்ல எத்தனை ஆடியோ சேனலோ ப்ராக்ஸியிலயும் அத்தனை இருக்கணும், இல்லேன்னா ஒட்டாது. புரோகிராம் மானிட்டர்ல டாகிள் ப்ராக்ஸீஸ் பட்டன் நீலமா இருக்கும்போதுதான் ப்ராக்ஸி ஓடும். கலர் பார்க்கும்போது அதை அணைச்சு அசல்ல பாருங்க. எக்ஸ்போர்ட்டுல ‘யூஸ் ப்ராக்ஸீஸ்’ டிக் இருக்கக் கூடாது.

உதடு பிரியுறது போன் கிளிப்போட ஃபிரேம் ரேட் நிலையா இல்லாததால. வெளிச்சம் குறைஞ்சா போன் தானா ஃபிரேமைக் குறைக்கும். ஹேண்ட்பிரேக்ங்கிற கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர்ல ஃபிரேம் ரேட்டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’னு விடாம 30-ன்னு வச்சு, ‘கான்ஸ்டன்ட்’ தேர்ந்து, ஆர்எஃப்ங்கிற தர அளவை 16-18-ல வச்சு மாத்திட்டு உள்ளே கொண்டு வாங்க. ட்ரோனை இனிமே 25-லயே எடுங்க, 30-ல எடுத்ததை 25 டைம்லைன்ல போட்டா பக்கவாட்டு நகர்வு குலுங்கும். உச்சிப்புளியில கடற்படை விமானத் தளம் இருக்கிறதால, பறக்க விடும் முன்னால டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசு ட்ரோன் தளத்து வரைபடத்துல மண்டலம் என்ன நிறம்னு பார்த்துக்குங்க.

---

தொண்டி கலர்:

தம்பி, லாக்கில் வெள்ளை உடுப்பு வெட்டுப்படுறதையும் பார்த்துக்குங்க. எஸ்-லாக்3-இல் சோனி 94 சதவீதத்திலேயே நிரம்பிடும், 100 வரை போகாது. ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சின இடத்தில் வரி காட்டும் வசதி) 94+ என்று வச்சு, வெள்ளைச் சட்டையில் வரி தெரிஞ்சா எக்ஸ்போஷரைக் குறைக்கணும். ஹாலில் எல்இடி விளக்கு என்றால் ஷட்டர் 1/50, மீறினா 1/100. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசி அறையில் இருந்து கேமராவை நேரா வெளியே எடுத்தா கண்ணாடி பூத்துப்போகும், அரை மணி முன்னால பையோடவே வெளியே வச்சிருங்க.

---

சர்வீஸ் பெஞ்ச், ராம்நாடு:

ஒண்ணு விட்டுப்போச்சு. மூணு மணி நேரப் படத்தை ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் போடாதீங்க. எம்பி4 ஃபைலோட அட்டவணை கடைசியிலதான் எழுதப்படும். 95 சதவீதத்துல கரண்ட் போனா முன்னால எழுதினதும் திறக்காது. இன் அவுட் வச்சு அரை மணி அரை மணியா போடுங்க. 1080பி, 16 எம்பிபிஎஸ்னா ஒவ்வொண்ணும் 3.6 ஜிபி. கரண்ட் போனா போறது அந்த ஒரு துண்டுதான். வாடிக்கையாளர் வீட்டுல பழைய டிவி ஃபேட்32 பென்டிரைவ் மட்டும் படிச்சாலும், அதோட 4 ஜிபி வரம்புக்குள்ள எல்லாத் துண்டும் அடங்கிரும். மின்வாரியத்தோட மாசப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பார்த்துட்டு, அன்னைக்குப் பகல்ல எக்ஸ்போர்ட் வைக்காதீங்க.